தொம்மலூர் வாசல்களில் குளோவர்

"விதையைத் திருடினது எங்க வாட்ச்மேன் பச்சைமுத்துதான், மேடம். சாயந்திரம் போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் கொடுக்கப்போறேன். அதுக்குள்ள ஒரு ஆதாரம் பிடிச்சுக் கொடுங்க."

துப்பறிவாளர் தமயந்தியின் மேஜைமேல் ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டார் இளவேனில். வெளிநாட்டிலிருந்து வந்த குளோவர் தீவனப்பயிர். மூன்று இலை, வெள்ளைப் பூ. அது களையாகப் பரவுமா என்று தொம்மலூரில் வேலி போட்டு வளர்த்துப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. பரவாது என்று எழுதியும் விட்டார். இப்போது பச்சைமுத்து குடியிருக்கும் சந்தில் அதே செடி வாசலுக்கு வாசல் முளைத்திருந்தது.

"விதை ரூம் சாவி அவன்கிட்டதான் இருக்கு. செடி முத்தினதும் அறுத்துடறோம். அதையும் வீணாக்காம அந்தச் சந்துல மாடு வச்சிருக்கிற சந்திரம்மாகிட்ட, மாட்டுக்குப் போடக் கொடுத்துடறோம். வேற எப்படி வெளியே போகும்?"

தமயந்தியின் உதவியாளன் ரகுராமுக்கு அப்போதே பச்சைமுத்து மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. இருவரும் சந்துக்குப் போனபோது பச்சைமுத்து முகம் பார்க்காமல் பேசியது அதை இன்னும் கிளறியது.

"திருடன்னு பேர் வந்தா, அப்புறம் எவன்மா என்னை கேட்ல நிறுத்துவான்?" என்றார் பச்சைமுத்து. நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டான் ரகுராம்.

தமயந்தி வாசல் வாசலாகக் குனிந்து பார்த்தார். கல்லிடுக்கெல்லாம் குளோவர். நடுவில் பிரிஜெட் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தது.

"அவங்களுக்கு மட்டும் விதை விக்கல போல" என்றான் ரகுராம்.

"காசு கொடுத்து வாங்கின விதையை யாராவது மிதிபடற இடத்துல போடுவாங்களா, ரகு?"

அவர் நேராகச் சந்திரம்மாவின் கொட்டகைக்குப் போய், ஓர் உருண்டைச் சாணியைப் பக்கெட் தண்ணீரில் கரைத்து டீ வடிகட்டியில் ஊற்றினார். கடுகைவிடச் சின்ன மஞ்சள் விதைகள் வடிகட்டியில் தங்கின. எல்லோரையும் அங்கேயே கூப்பிட்டார்.

"இந்த விதைக்குத் தோல் கெட்டி. மாட்டு வயித்துல செரிக்கல. இங்க சாணி வாங்கி வாசல் தெளிக்கிற வீட்ல எல்லாம் முளைச்சிருக்கு. பிரிஜெட் சாணி தெளிக்கிறதில்ல, அங்க முளைக்கல."

"அய்யோ தேவ்ரே, நம்ம மாடு லட்சுமியா!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டார் சந்திரம்மா.

தமயந்தி இளவேனில் பக்கம் திரும்பினார். "பச்சைமுத்து திருடன்னா செடிமேல பழி வராது, உங்க அறிக்கையும் தப்பாகாது. அதனாலதான் அவர் திருடனா இருக்கணும்னு நினைச்சீங்க."

இளவேனிலின் முகம் சுண்டிப்போனது. ரகுராமுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"அறிக்கையை மாத்திடறேன்" என்றார் இளவேனில் மெல்ல. "பச்சைமுத்து, நாளைக்கு வழக்கம்போல கேட்டுக்கு வந்துடு."

பச்சைமுத்து அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வர்றேன் சார். ஆனா எதைக் காக்கறது? திருடன் மாட்டு வயித்துல ஏறி எப்பவோ வெளியே போயிட்டானே."