அச்சுப்பிழை இல்லைங்க, எக்ஸ்!

"இந்தப் புத்தகத்துல அச்சுப்பிழை இருக்கு. வேற குடுங்க."

வெளியே அக்டோபர் மழை. வெர்னாவின் வெள்ளைக் குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்டி, மிடில்ஃபீல்டு நூலகத்து மேசையையே நனைத்துக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்தான். காப்பிக்கொட்டை நிறக் கண்கள்... சட்டையில் 'ரூடி ஸுபான்' என்று பெயர்ப் பட்டை.

"எங்கே பிழை?"

"இதோ. ரெண்டு பெருக்கல், சமம் பதினாலு. எதால பெருக்கணும்னு போட மறந்துட்டாங்க. பக்கம் முழுக்க இதே தப்பு!"

அவன் பார்த்தான். 2x = 14. உதட்டைக் கடித்தான்... அடக்கப் பார்த்தான்... சிரித்தே விட்டான்.

"அது பெருக்கல் குறி இல்லைங்க, எக்ஸ். தெரியாத எண்ணுக்குப் பதிலா ஒரு எழுத்து."

வெர்னாவுக்குக் காதுமடல் சிவந்தது. கார், மின்சாரம் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பள்ளியில், கணக்கில் அவள்தான் முதல். ஆனால் அங்கே எட்டாவதோடு படிப்பு முடிந்தது. பதினாலு வயதில் கைக்குப் பால் வாளி வந்தது. எழுத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்று இந்தப் பத்தொன்பது வயது வரை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"சிரிச்சு முடிச்சாச்சா? விடை ஏழுதானே?"

அவன் சிரிப்பு நின்றது. "ஏழுதான்... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியுது. இதுக்குப் போய் இங்கிலீஷ்காரங்களுக்கு ஒரு எழுத்து வேற வேணுமா?"

"நான் இங்கிலீஷ்காரன் இல்லைங்க. எங்க தாத்தா ஸ்லோவேனியாக்காரர்."

"எங்க ஆளுங்க இல்லாத எல்லாருமே எங்களுக்கு இங்கிலீஷ்காரங்கதான்."

"சரி, அப்படியே இருந்துட்டுப் போறேன். உட்காருங்க."

செவ்வாயும் வெள்ளியும் டவுனில் வீட்டு வேலை முடிந்ததும் அவள் வந்தாள். வாத்தியார் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ரூடி சொல்லிக்கொடுத்தான். பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வு மார்ச்சில். அதில் தேறினால் நர்ஸ் படிப்பு.

"ஏன் நர்ஸ்?" என்று ஒரு நாள் கேட்டான்.

"எங்க அக்கா குழந்தை பரம்பரை நோயில போயிடுச்சு. டாக்டர் என்னென்னமோ சொன்னார். அக்காவுக்கு ஒண்ணும் புரியல. தான் செஞ்ச பாவம்னே இன்னும் நெனைச்சுக்கிட்டிருக்கா. எங்க பாஷையில எடுத்துச் சொல்ல எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி வேணும்."

ரூடி அவளையே பார்த்தான். வெர்னாவுக்கு அடுத்த கணக்கு புரியவேயில்லை... எக்ஸ் எங்கே, எண் எங்கே என்று எல்லாம் ஒரே மங்கல்!

நவம்பரில் ஒரு வெள்ளி, கொட்டும் மழை. ரூடி அவளைக் காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினான். எதிர்ப்பக்கக் குதிரை வண்டியிலிருந்து சபை மூப்பரின் மனைவி அதைப் பார்த்தாள். அப்புறம் கேட்பானேன்? மறுநாள் பால் கறக்கும்போதே அப்பா மேலன் டெட்வைலர் ஆரம்பித்துவிட்டார்.

"மாடு கறக்க எக்ஸ் எதுக்குன்னு இத்தனை நாளா யோசிச்சேன். இப்பத்தான் புரியுது. இங்கிலீஷ்காரன் மேல ஆசைன்னா நேரா சொல்லு. அதுக்குப் படிப்புன்னு பேர் வெக்காத."

"அப்பா, படிப்புதான்ப்பா!"

"வசந்தத்துல சபையில சேர ஞானஸ்நான வகுப்பு. உன் சிநேகிதிங்க எல்லாம் சேர்றாங்க."

"அதுல சபைக்கு வாக்குக் குடுத்துட்டு, அப்புறம் அதை மீறிப் படிக்கப் போனா ஊரே ஒதுக்கி வெக்கும். குடுக்காம படிக்கப் போனா, உங்க சாப்பாட்டு மேசையில எனக்கு இடம் இருக்கும். அதனாலதான் இப்பவே போகணும்கறேன்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாயன்று அவள் ரூடியின் முன்னால் போய் நின்றாள். அழக்கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இனிமே எனக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம். பேசவும் வேண்டாம்."

"நான் என்னங்க தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா ஆம்பிளை பின்னாடி போனவள்னு பேர் வந்துட்டா, நான் படிச்சு என்ன பிரயோஜனம்? நாளைக்கு எங்க சபைப் பொண்ணுங்க என்னை வீட்டுக்குள்ள விடுவாங்களா? தனியாவே ஜெயிச்சுக் காட்டணும்."

ரூடியின் முகம் சுருங்கியது. "எத்தனை நாளைக்கு?"

"நானா வந்து பேசற வரைக்கும்."

நாலு மாதம். அவன் மேசையில் அவன், அவள் மூலையில் அவள். ஒரு சொல் கிடையாது. சில நாள் ஒரே கணக்கு அவளை இரண்டு மணி நேரம் அழவைத்தது; அவனிடம் கேட்டால் இரண்டு நிமிஷம். அவள் கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து போட்டாள்.

மார்ச் வந்தது. மேப்பிள் மரங்களில் பால் இறங்கும் பருவம்; அதைக் காய்ச்சிப் பாகாக்கி விற்பார்கள். ஒரு நாள் விட்டாலும் நஷ்டம். தேர்வன்று காலை, பத்து மைல் தள்ளியிருந்த சார்டனுக்கு நடந்தே போவதென்று வெர்னா கிளம்பினாள். வாசலில் வண்டி பூட்டி நின்றது. கடிவாளத்தோடு அப்பா.

"அப்பா... மரப்பால் காய்ச்சணுமே?"

"மரம் எங்கயும் ஓடிப்போகாது. ஏறு. மேலன் மக எவன் கார்லயோ போனாள்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது. அப்பன் வண்டியில போனாள்னு சொல்லட்டும்."

வழி முழுக்க அவர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத்தான் கண் நிறைந்து நிறைந்து வந்தது.

தேறினாள். நர்ஸ் படிப்பில் இடம் கிடைக்கும் வரை ரூடியிடம் போவதில்லை என்று இருந்தாள். ஜூனில் நர்ஸ் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்த கடிதமும் வந்தது. அதை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டினாள். பிறகு நூலகத்துக்கு நடந்தாள்.

அவளைக் கண்டதும் ரூடி எழுந்து நின்றான். வாய் திறந்தான்... மூடிக்கொண்டான். கடிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். படித்து முடித்ததும் அந்தக் காப்பிக்கொட்டைக் கண்கள் பளபளத்தன.

"பேசலாமா?" என்றான் மெதுவாக.

"நான் முதல்ல பேசணும்." அவள் நிமிர்ந்து நின்றாள். "ஊர்ல யார் கேட்டாலும் படிப்புக்காகத்தான் போறேன்னு சொல்வேன். அதுதான் நிஜம். ஆனா... இன்னிக்கு இங்க வந்தது படிப்புக்காக இல்ல."

"பின்னே?"

'உங்களுக்காக' என்றுதான் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"உனக்காக."