பாட்டுக்குள் போன சத்தங்கள்

கிணற்றுக் கப்பி சத்தமில்லாமல் சுற்றியது.

ஜெயரூபி குசினி வாசலில் நின்று பார்த்தாள். புருசன் சுஜிதன் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த கப்பி அது. ஆறு வருசமாக ஒவ்வொரு காலையும் கிரீச்சென்று அவளுடைய கடைவாய்ப் பல்லுக்குள் புகுந்து கீறுகிற கப்பி. இன்றைக்கு வாளி மேலே வந்தது, தொட்டிக்குள் சரிந்த தண்ணீரின் சத்தமும் கேட்டது. கப்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"கப்பிக்கு எண்ணெய் விட்டனீங்களோ?"

"இல்லையே. கத்துதே. உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்குது," என்று பொய் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், அவளுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல் அவள் உடம்பில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. காதை மட்டும் திறந்துவிட்டுப் போனது. பிறகு அது மூடவேயில்லை. மேசையில் கோப்பை வைக்கிற சத்தம் வலித்தது. லாண்ட்மாஸ்டர் மெசின் வயல் உழுவது வலித்தது. கோயில் ஒலிபெருக்கி வலித்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது யானை வெடி. மல்லாவிக்கு உள்ளே இருந்த அவர்களுடைய ஊரில், காட்டோரத்து வயல்களில் யானை இறங்கினால் சனம் வெடி கொளுத்தும். வெடி கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓட வேண்டும், அது ஊர்ச் சட்டம். ஜெயரூபி குசினி மூலையில் செம்மஞ்சள் நிறக் காதுமூடியைப் போட்டுக்கொண்டு வாந்தி வரும்வரை குந்தியிருப்பாள்.

வவுனியாவில் பார்த்த காது டொக்டர், சத்தத்துக்கு ஒளிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழகச் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட தம்பி அனோஜன், பாரிசில் தன் குழு வாசித்த பாட்டொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினான். ஊருக்கு வந்த ஆளிடம் நல்லதொரு ஹெட்செற்றும் கொடுத்துவிட்டான்.

"சைக்கடெலிக் ரொக் அக்கா. பயப்பிடாதேங்கோ. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ."

கிட்டார் ஒன்று இடக்காதில் தொடங்கி, இழுபட்டு, நீண்டு, மண்டைக்கு நடுவால் நடந்து வலக்காதுக்குப் போய், போன இடத்தில் தான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல, அதற்கு அடியில் ஓகன் வாத்தியம் ஒன்று அடுப்பில் கொதிக்கும் பாகு மாதிரிக் குமிழிட்டுக்கொண்டிருக்க, பின்பக்கமாக ஓடவிட்ட மேளம் ஒவ்வோர் அடியையும் விழுங்கி விழுங்கிக் கக்க, மூடிய கண்ணுக்குள் ஊதாவும் பச்சையும் ஊறிப் பரவின, நாக்கில் இரும்பு கசந்தது, ஈர மண்ணும் வெடிமருந்தும் கலந்த பழைய மணம் ஒன்று மூக்கில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்து ஹெட்செற்றைக் கழற்றியபோது உலகத்தின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. பதினாறு வருசத்தில் முதல் தடவையாக. அன்றைக்கு அவள் அழுதாள்.

அதற்கு அடுத்த காலையில்தான் கப்பி கத்தாமல் போனது.

பின்னேரம் மறுபடி பாட்டைப் போட்டாள். ஓகனுக்குப் பின்னால் ஒரு கிரீச். கண்ணைத் திறந்தாள். முற்றத்தில் சுஜிதன் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான். அவன் கயிற்றை இழுக்க இழுக்க, பாட்டுக்குள் கப்பி கத்தியது. அவன் நிறுத்த, அதுவும் நின்றது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. மரத்துப்போன காலில் இருக்குமே ஒரு சுகம், அதுதான் வந்தது.

அதன் பிறகு நேரம் பார்த்துப் போட்டாள். லாண்ட்மாஸ்டர் ஓடும் நேரம் ஒரு நாள். கோயிலில் பாட்டுப் போடும் நேரம் ஒரு நாள். ஒவ்வொன்றாக உள்ளே போயின. யானை வெடி தொடங்கிய மாலை, காதுமூடியைத் தேடாமல் ஹெட்செற்றைத் தேடி ஓடினாள். அடுத்த நாள் பக்கத்துக் காணி அப்புத்துரையரின் வயலுக்கு மேல் வெள்ளைப் புகை எழும்பியது. சத்தமில்லை. புகையைப் பார்த்தபடி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

தேவைப்படாத காதுமூடியை ஆறு வயது மகள் லக்சிகா எடுத்துக்கொண்டாள். "நான் இப்ப அம்மா," என்று அதைப் போட்டுக்கொண்டு வளவு முழுக்கத் திரிந்தாள்.

அனோஜன் போனில் கேட்டான், பாட்டு எப்படி என்று.

"நல்லாயிருக்கடா. பதினெட்டு நிமிசமும் கேக்கிறனான்."

"பதினெட்டோ? நாங்கள் வாசிச்சது நாலு நிமிசம்தானே அக்கா."

போனை வைத்துவிட்டுப் பாட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம் காட்டியது.

வியாழக்கிழமை லக்சிகா பள்ளிக்கூடத்தால் ஓடி வந்தாள், கொப்பியை விரித்துக் காட்டினாள். வாய் அசைந்தது. பல்லு விழுந்த இடைவெளி தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயரூபி ஹெட்செற்றை எடுத்து மாட்டினாள். இடக்காதில், கிட்டாருக்கு மிகப் பக்கத்தில், பிள்ளையின் குரல். "அம்மா, ரீச்சர் எனக்கு நட்சத்திரம் போட்டவா."

அன்று தொடக்கம் அவள் அதைக் கழற்றவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றினாள். மற்ற எல்லாம் போகட்டும், அந்தக் குரலை விடமாட்டாள்.

விசயத்தைக் கேட்ட சுஜிதன் அவளுடைய போனைக் கையில் எடுத்தான். "அந்தப் பாட்டை அழியும்," என்றான். பாட்டுக்குள்ளால்தான் அவனுடைய குரலும் அவளுக்குக் கேட்டது, ஓகனின் அடியில்.

"அழிச்சா பிள்ளையின்ர குரலும் போயிடும்."

"நாளைக்கு வவுனியாவுக்குப் போவம். நான் போய் வான் ஒண்டு பேசிக்கொண்டு வாறன்."

அவன் போய்விட்டான். ஐந்து மணி வெயில் குசினிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஜெயரூபி வெங்காயம் வெட்டினாள். இடக்காதில் லக்சிகா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் பாவையோடு இருக்கிறாள். நல்லது.

டமார்.

தூரத்தில். வலக்காதில்.

கத்தி கையிலேயே நின்றது. வெடி. பல நாளாகக் கேட்காத வெடி.

மறுபடி. கொஞ்சம் கிட்ட.

மறுபடி. அப்புத்துரையரின் வேலியடியில்.

பிறகு, இடக்காதில், பிள்ளையின் பாட்டுக்கு நேர் பின்னால், மெதுவாக, ஈரமாக, ஏதோ முறிந்தது. நார் நாராக.

வாழை.

வாழை கிணற்றுக்குப் பின்னால்.

ஒரு பெரிய மூச்சு. பிள்ளை இன்னும் பாடுகிறாள்.

வாசலுக்கு ஓடினாள். ஹெட்செற்றைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். ஒரே அமைதி. வெயில். லக்சிகா கிணற்றடிக் கல்லில், வாழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாவைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். காதில் செம்மஞ்சள் மூடி. பத்தடி பின்னால், வாழைகள் நின்ற இடத்தில், சாம்பல் நிறம். ஒரு பக்கத்து விலா. அசைகிற வால்.

கத்தினாள்.

தொண்டை எரிந்தது. வாயால் காற்றுத்தான் போனது. குரல் கழுத்தில் தொங்கிய ஹெட்செற்றிலிருந்து வந்தது. சின்னதாக, இழுபட்டு, நீண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடந்து.

லக்சிகா.

லக்சிகா.

பிள்ளை திரும்பவில்லை.

யானை காதை விரித்தது. பிறகு மெல்லத் திரும்பியது.