அத்தானுக்கு ஒரு பீரங்கி

போன் அலறியது.

பிற்பகல் மூன்று மணி. பைப் கடை கவுண்டரில் குழாய் மூட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள் அவள். கடையில் அவளுக்கு 'வாஷர்' என்று பெயர். எந்தக் குழாய் ஒழுகினாலும் ஒரே வாஷரில் நிறுத்திவிடுகிற கெட்டிக்காரி.

திரையில் அக்காவின் நம்பர்.

"சொல்லுக்கா!"

"என்னால இதுக்கு மேல முடியலடி... துணி எடுக்கிற சாக்குல மாடிக்கு வந்து பேசுறேன். சாயங்காலம் பெட்டியோட உன் வீட்டுக்கு வந்துடுறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்..."

"வாக்கா! நான் லீவு போட்டுட்டு..."

அக்காவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல்.

"போகணுமா? இந்தா... இப்படியே போ!"

வீல்ல்ல்...!

காதைக் கிழித்தது அந்த அலறல். அப்புறம் ஏதோ 'தொப்'பென்று விழுந்த சத்தம்.

அப்புறம்... ஒன்றுமில்லை!

"அக்கா! அக்கா!"

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது.

*

"போன்ல பேசிக்கிட்டே பின்னால நகர்ந்திருக்கா..." ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான் அக்காவின் புருஷன். "கைப்பிடிச் சுவர் குட்டை. தவறி விழுந்துட்டா!"

அழுகைக்கு நடுவே அவன் கண் மட்டும் அவளையே பார்த்தது.

"உன்கிட்டதானே பேசிக்கிட்டிருந்தா? என்ன... என்ன சொன்னா?"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கத் துடித்த கைகளை அவள் கட்டிக்கொண்டாள்.

"ஒரே இரைச்சல் அத்தான். ஒண்ணுமே காதுல விழல."

அவன் தோள் ஓர் அங்குலம் இறங்கியது.

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் நம்பினார். ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க கேட்டேன்னு சொல்வீங்க. அவர் இல்லைன்னு சொல்வார். மாடியில வேற யாருமில்லை. பதிவும் இல்லை. இதை மட்டும் வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா, அரை மணி நேரத்துல வெளியே வந்துடுவார்மா."

"அப்ப எங்க அக்கா செத்தது சும்மாவா?"

இன்ஸ்பெக்டர் அம்மா தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

*

அத்தான், ஏர் கம்ப்ரசர் மெக்கானிக். பட்டப்பெயர் 'காத்து'.

வாரம் பூராவும் காற்றோடு மல்லுக்கட்டினாலும் ஆசை தீராது. ஞாயிற்றுக்கிழமையானால் உருளைக்கிழங்கு பீரங்கி! நீளக் குழாய் ஒன்று, காற்று அடைக்கும் டேங்க் ஒன்று, நடுவில் ஒரு வால்வு. சைக்கிள் பம்பால் காற்றடித்து வால்வைத் திறந்தால், குழாய் வாயில் திணித்த கிழங்கு பிய்த்துக்கொண்டு பறக்கும். அவனைப் போலவே பைத்தியம் பிடித்த பத்துப் பதினைந்து பேர். வருடத்துக்கு ஒரு போட்டி. யார் கிழங்கு அதிக தூரம் போகிறதோ, அவருக்குக் கோப்பை.

அக்கா போய் இரண்டாவது மாதம், அவன் வீட்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள் வாஷர்.

"தனியா இருந்தா அக்கா ஞாபகமாவே இருக்கு அத்தான். நானும் உங்ககூட பீரங்கி செய்யட்டுமா?"

அவன் முகம் மலர்ந்தது.

"பைப் கடையே வீடு தேடி வந்தா வேணாம்னா சொல்வேன்? வா, வா!"

சனிக்கிழமைதோறும் இருவரும் குழாய் அறுத்தார்கள். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார்கள். பசை தடவி மூட்டினார்கள். அவன் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். கையில் ஒட்டிய பசையை ஒரு பச்சைத் துணியில் துடைத்தான்.

அக்காவின் ஸ்வெட்டர்!

குனிந்து, உப்புத்தாளை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஒருநாள் கடையிலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுவந்து காட்டினாள்.

"டேங்குக்கு இதைப் போட்டா என்ன அத்தான்? கனமே இல்லை!"

"அடிப்பாவி! சாக்கடைத் தண்ணி போற குழாய் இது. இதுல காத்தடைச்சா குண்டு மாதிரி சிதறிடும்! பக்கத்துல நிக்கிறவன் கதை முடிஞ்சது."

"அய்யய்யோ!"

கண்ணை அகல விரித்தாள்.

மறுநாளே அதே மெல்லிய குழாயில் இன்னொரு டேங்க் செய்தாள். அசல் டேங்குக்கு அடித்த அதே சிவப்புப் பெயிண்ட். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தூக்கிப் பார்த்துத்தான் வித்தியாசம் சொல்ல முடியும்.

இதைக் கோர்த்துவிட்டால் போதும்! முதல் ஷாட் எப்போதும் அத்தான்தான்...

அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆறு மாதத்தில் முதல்முறையாக!

*

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தான் செய்த சிவப்பு டேங்கை ஷெட் மூலையில், சாக்குக்கு அடியில் செருகிவிட்டு வந்து, ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

"அத்தான்... ஒண்ணு சொல்லட்டுமா? அன்னைக்கு அக்கா பேசினது பூராவும் என் போன்ல ரெக்கார்டு ஆகியிருக்கு. நேத்துதான் கவனிச்சேன்."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது.

"கே... கேட்டியா?"

"மனசு வரல. ஞாயித்துக்கிழமை போட்டி முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம். அவ குரலை ஒரு தடவை கேட்டுட்டா எனக்கு ஆறுதலா இருக்கும்."

"ஆ... ஆமாமா. சேர்ந்தே கேப்போம்."

அவன் நெற்றியில் வியர்வை. அவள் போனதும், ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நடந்தவன் கால், மூலையில் எதிலோ இடறியது. சாக்கு விலகியது.

சிவப்பு!

தூக்கினான். இறகு மாதிரி இருந்தது!

"அட, மச்சினிச்சி...! எனக்கேவா?"

மெல்லச் சிரித்தான். பிறகு, பீரங்கியிலிருந்த டேங்கைக் கழற்ற ஆரம்பித்தான்.

*

ஞாயிறு. காலை பத்து மணி. மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய பொட்டல். வரிசையாகப் பீரங்கிகள். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

"முதல் ஷாட் இன்னைக்கு உனக்குத்தான்!" என்றான் அத்தான், பல்லெல்லாம் தெரிய. "ரெண்டு பேர் உழைப்பாச்சே!"

"நிஜமாவா அத்தான்?"

"நிஜமா. மீட்டர் முள்ளு கடைசிக் கோட்டைத் தொடுற வரைக்கும் பம்ப் அடி. நான் அங்கிருந்து பார்க்கிறேன்."

'அங்கே' என்பது முப்பதடி தள்ளி ஒரு கான்கிரீட் சுவர்!

அவள் கிழங்கைத் திணித்தாள். பம்ப் அடித்தாள். முள் ஏறியது.

"இன்னும்... இன்னும் அடி!"

சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

அவள் கை வால்வுக்குப் போனது.

திறந்தாள்!

பூம்ம்ம்...!

கிழங்கு வானத்தில் புள்ளியாகிப் பொட்டலின் மறுகோடியில் போய் விழுந்தது. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக!

சுவருக்குப் பின்னாலிருந்து பேயறைந்த மாதிரி வெளியே வந்தான் அத்தான்.

"வெ... வெடிக்கலையா?"

"எது வெடிக்கணும் அத்தான்?"

"அந்த டேங்க்... அது எப்படி... நான்தானே மாத்தி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். பீரங்கிகளை ஏற்றி வந்த வேனுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"நீங்க மாத்தினீங்க. காலையில நீங்க பேர் பதியப் போனப்ப நாங்க திரும்ப மாத்திட்டோம். வெள்ளிக்கிழமை உங்க ஷெட்ல நடந்தது பூராவும் கேமராவுல இருக்கு. கொலை முயற்சி!"

"நானா? மேடம், அந்த டேங்கைச் செஞ்சதே இவதான்! என்னைக் கொல்லப் பார்த்தா!"

"ஆமா, செஞ்சேன்!" வாஷரின் குரல் நடுங்கவில்லை. "உங்களுக்குன்னே பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடிச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன். ஒரு நொடியில செத்துடுவீங்களே! எங்க அக்காவுக்கு அது பத்தாது. நேரா மேடம்கிட்ட போயிட்டேன். அன்னைக்கு சாக்குக்குக் கீழே அதை வச்சது நீங்க பார்க்கணும்னுதான். தொடாம விட்டிருந்தா, நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கலாம்."

அவன் வெறிபிடித்தவன் போல் கத்தினான்.

"ரெக்கார்டிங்கை வச்சு மிரட்டுறியா? அதுல என்னடி இருக்கும்? அவ கத்தினது கேக்கும்! நான் தள்ளினது தெரியவா போகுது..."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ஐம்பது பேர் அவனையே பார்த்தார்கள்.

"ரெக்கார்டிங்கே கிடையாது அத்தான்," என்றாள் அவள், மெதுவாக. "அன்னைக்கு என் காதுல விழுந்தது மட்டும்தான்."

விலங்கு 'க்ளிக்' என்றது. இரண்டு கான்ஸ்டபிள்களும் அவனைத் தூக்காத குறையாக ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் புழுதி கிளப்பிப் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே மூச்சிரைக்க ஓடிவந்தார், மறுகோடியில் நின்ற போட்டி நடுவர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"நூத்தி அறுபது மீட்டர்மா! இன்னைக்கு இவ்வளவு தூரம் வேற யாருதும் போகாது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஜீப் போன திசையைக் காட்டினாள்.

"எங்க அத்தான் போறாரு சார். ஆனா அதை அளக்க டேப் பத்தாது... காலண்டர்தான் வேணும்!"