வெறும் தண்ணீர்க் குழாய்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் மாத வயிற்றோடு, வீங்கிய கால்களை இழுத்துக்கொண்டு அன்று மதியமும் வந்து சேர்ந்தாள். மழை இல்லை, ஆனால் அறைக்குள் ஈரமண் வாசனை. மேஜையோரம் எலும்புப் பெட்டிகள் இருந்தன.

அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து, கடலோரத்தைப் பிடித்துக் குடியேறி, ஒரே மழைக்காலத்தில் ஊரோடு காணாமல் போனவர்கள். மணல்மேட்டைத் தோண்டியபோது அகப்பட்டார்கள். அவர்களுக்கு வாரிசு யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சனங்களின் கன்னத்திலெல்லாம், எறும்பின் புருஷன் கன்னத்தில்கூட, பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தாயிற்று, ஒருத்தரும் ஒத்துப்போகவில்லை. இது முடிந்தால்தான் பேறுகால விடுப்பு என்று டைரக்டர் சொல்லிவிட்டதால், எறும்புக்குச் செத்தவர்கள் மேலேயே எரிச்சல்.

"போனவங்க போய்ச் சேர வேண்டியதுதானே? என் உயிரை ஏன் வாங்குறீங்க?" என்று பெட்டிகளைப் பார்த்து முணுமுணுத்தாள்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு சோதனைக்குழாயில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதில் யாருடைய டி.என்.ஏ.வும் தெரியக்கூடாது. தெரிந்தால், வேலை செய்தவர் கை பட்டுவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரில் ஓர் ஆள் தெரிந்தது.

"உங்க கைதாம்மா பட்டிருக்கும். திரும்பப் போடுங்க," என்றார் டைரக்டர்.

கையுறை மாற்றி, புதுப் புட்டியைத் திறந்து, மறுபடி போட்டாள்.

அதே ஆள்.

தன்னுடைய டி.என்.ஏ. பதிவோடு ஒப்பிட்டாள். சரிபாதி ஒத்துப்போனது. அப்படியென்றால் பெற்றவர், இல்லாவிட்டால் பிள்ளை. அவளைப் பெற்றவர்கள் செத்து வருஷக்கணக்காகிறது.

மறுபாதி, பெட்டிகளில் இருந்தவர்களுடையது.

எறும்பு வயிற்றில் கை வைத்தாள். கலைந்து கலைந்து, கடைசியில் தங்கிய பிள்ளை. புருஷனைத் தவிர வேறு ஆணை அவள் அறிந்ததில்லை. செத்தவர்கள் என் பிள்ளையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

டைரக்டர் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! வாரிசு ஒண்ணு இருக்கே! யாரும்மா இது?"

"யாருமில்ல சார். தண்ணி கெட்டுப்போச்சு." சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தாள்.

"சரி விடுங்க. முகமே சரியில்ல. வீட்டுக்குப் போங்க," என்று அவர் போய்விட்டார்.

பையை எடுத்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டக் காலை வைத்தாள்.

பிள்ளை உதைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலி.

ஓரடி உள்ளே வந்தாள். அடங்கியது.

மறுபடி வெளியே. மறுபடி உதை.

"வீட்டுக்குப் போலாம்டா கண்ணு," என்று கெஞ்சினாள். "அப்பா காத்துட்டிருப்பாரு."

உதை நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் திரும்பி வந்து, பெட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிள்ளை தூங்கிப்போனது.