நெளிந்த நிலா

சிவந்தியின் நைனா ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

படகு எஞ்சினைத் தூக்கும்போது அது கைநழுவி வலது காலில் விழுந்துவிட்டது. எலும்பு கூடிவிடும், நடக்கலாம், கடலுக்கும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நைனா நம்பவில்லை.

"போட்டை வித்துடு ஜெயவேலு. இனிமே எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் நைனா நீலமேகத்தின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் அடுத்த குப்பத்து நாய்கூட எழுந்து உட்காரும். சிவந்திக்கு இப்போது அந்தச் சத்தம் கேட்காமல் தூக்கமே பிடிக்கவில்லை. சாப்பிடும்போது ஏக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து ஒருவர் படகை வாங்க வருகிறார். இன்று வெள்ளி.

தினமும் சாயங்காலம் நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நெலா கெளம்பிச்சா?" கடலுக்குப் போகிறவர்களுக்கு நிலாதான் நாட்காட்டி. ஆனால் வார்டு ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்துச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் தெரியும்.

'நிலாவை அங்கே கொண்டுபோய்க் காட்டினால் என்ன?' என்று சிவந்திக்குத் தோன்றியது.

எதிர்வீட்டு வால்டர் அண்ணன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். பர்மா பஜாரில் புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். உள்ளங்கை அளவு. பிலிம் வேண்டாம், எடுத்த படம் அப்போதே முதுகில் தெரியும். தெருவிலேயே அது ஒன்றுதான்.

"நைனாவுக்கு நெலாவைக் காட்டணும்ணா," என்றாள் சிவந்தி.

வால்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். கேமராவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"காலைல எனக்கு ஒரு கல்யாண வேலை கீது. ராத்திரிக்குள்ள குடுத்துடணும். தண்ணி பட்டுச்சுன்னா நான் காலி, தெரியுமா?"

கயிற்றைக் கழுத்தில் மாட்டிவிட்டு, எந்த பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் பௌர்ணமி. அதனால் இருட்டுவதற்குள்ளேயே நிலா கடலைவிட்டு எழுந்துவிட்டது. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களுக்கு மேலே மஞ்சளாக நின்றது.

கடற்கரையில் பாறைகளைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக்கு உள்ளே அவர்கள் படகு கட்டிக் கிடந்தது. சிவந்தி அதில் ஏறி நின்றாள். நைனா நிற்கும் அதே இடம். கேமராவின் சக்கரத்தில் நிலாவும் நட்சத்திரமும் போட்ட குறி ஒன்று இருந்தது. நிலாவுக்கு அதுதானே சரி? அதற்குத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். இருட்டில் எடுக்கும் குறி அது; கேமரா நாலு நொடி கண்ணைத் திறந்தே வைத்திருந்தது.

படத்தில் நிலா இல்லை. வெள்ளையாக ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

மறுபடி எடுத்தாள். மறுபடி புழு.

"நான் ஆடவே இல்லியே சித்தப்பா," என்றாள் அழாத குறையாக.

கரையில் நின்ற ஜெயவேல் சித்தப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நெலாவுக்குக் குளிர் ஜுரம் போல."

சிவந்தி சிரிக்கவில்லை. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு யோசித்தாள். அப்போதுதான் கரையில் இருந்த விளக்குக் கம்பம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது கண்ணில் பட்டது. கம்பமா ஆடும்? படகுதான் ஆடிக்கொண்டிருந்தது. நடை பழகுவதற்கு முன்பே படகு பழகியவள் அவள். அவள் காலுக்கு அது ஆட்டமாகவே தெரியவில்லை. கேமராவுக்குத் தெரிந்துவிட்டது.

கரைக்கு இறங்கினாள். ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிப் பாறைமேல் வைத்தாள். அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, கேமராவை உட்காரவைத்தாள். சக்கரத்தைச் சாதாரணக் குறிக்குத் திருப்பினாள். பத்து எண்ணியபின் தானாக எடுக்கும் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

இந்த முறை நிலா உருண்டையாக வந்தது. மூக்குத்திக் கல் அளவுதான். ஆனாலும் நிலா.

சித்தப்பாவோடு பஸ்ஸில் ராயபுரம் போய், ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறியபோது மணி ஏழரை. எட்டு மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கட்டிலோரம் அம்மா அங்கம்மா சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். தூக்கு திறக்கப்படவில்லை.

"நைனா, நெலா கெளம்பிடுச்சு. பாரேன்."

நைனா மெதுவாகத் திரும்பினார். சின்னத் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"நல்லாக்கீது கண்ணு," என்றார். குரலில் உயிரே இல்லை.

சிவந்தி கேமராவை வாங்கக் கை நீட்டினாள். அவ்வளவுதானா?

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது நைனாவின் தடித்த விரல் ஏதோ ஒரு பட்டனில் பட்டது. படம் மாறியது. புழு வந்தது.

"ஐயோ, அது கெட்டுப்போனது நைனா. போட்டுல நின்னு எடுத்தேன், ஆடிடுச்சு. குடு, அழிச்சிடுறேன்."

நைனா கொடுக்கவில்லை. திரையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"ஜெயவேலு."

"இன்னாண்ணே?"

"போட்டை எப்படிடா கட்டிக்கீற?"

"எப்பவும் போலத்தாண்ணே."

"பொய் சொல்லாத. அலைல போட்டு மேல கீழதான் ஆடும். இது பாரு, பக்கவாட்டுல இம்மாந்தூரம் போயிக்கீது. கயித்த நீளமா வுட்டுக்கீற. காத்து திரும்பிச்சுன்னா நேரா பாறைல போயி இடிக்கும்."

சித்தப்பா திரையை எட்டிப் பார்த்தார். "படத்துல கயிறே தெரியலியேண்ணே."

"கயிறு தெரியணுமாடா உனக்கு?" நைனாவின் குரல் வார்டின் மறுகோடிவரை போனது. பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டுப் போர்வையை விலக்கினார். நர்ஸ் கதவருகில் வந்து நின்றார். "இப்பவே போயி இஸ்த்துக் கட்டு. ரெண்டு கட்டு போடு. நான் எழுந்து வர்றதுக்குள்ள போட்டுல ஒரு கீறல் வுழுந்துச்சு, அப்பால கீது உனக்கு."

"விக்கற போட்டுதானேண்ணே?" என்றார் சித்தப்பா, ஒன்றும் தெரியாதவர் போல.

"விக்கறதுன்னு எவன் சொன்னான்?"

எவன் சொன்னான் என்பது வார்டுக்கே தெரியும். அம்மா அவசர அவசரமாகத் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்தாள். சிவந்தி கட்டிலில் ஏறி, நைனா இன்னும் என்னென்ன திட்டப் போகிறார் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.