மாதங்கி கட்டிய கல்வீடு

“போன வருஷம் புதையல யாழினி தூக்கிட்டுப் போயிட்டா. இந்தத் தடவ விடக்கூடாது, ஓடி வா!” என்று கத்திக்கொண்டே சிபி பாறைமேல் ஏறினான்.

மாதங்கி பின்னாலேயே ஓடினாள். கல்லூரி விடுமுறைக்குக் கோவில்பட்டியிலிருந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு வந்தவள் அவள். சிபி பெரியம்மாவின் மகன். யாழினி அவனுடைய தங்கை, பள்ளிக்கூடத்துச் சுட்டி. வந்த நாளிலிருந்து மாதங்கி திறந்த வாயை மூடவில்லை. ஆளை மூழ்கவிடாத உப்பு ஏரியைப் பார்த்தாயிற்று. கோடையிலும் பனி கலையாத மலையைப் பார்த்தாயிற்று. இப்போது தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேல் என்று பாறைக்காடு!

அந்தக் காட்டில்தான் அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தார் ஆண்டுதோறும் ஒரு தகரப் பெட்டியை ஒளித்துவைத்துப் புதையல் வேட்டை நடத்துவார்கள். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். முதலில் சிபியும் மாதங்கியும் புறப்பட்டார்கள். சற்று நேரம் விட்டுப் பெரியம்மாவும் யாழினியும் கிளம்ப வேண்டும்.

ஓரிடத்தில் வழி பிரிந்தது. இடப்பக்கம் பாறைமேல் ஏறும் சரிவு. வலப்பக்கம், ஓர் ஆள் நுழையும் அகலத்தில், இரு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே இறங்கும் சந்து. சிபி சரிவில் ஏறி மறைந்தான். தண்ணீர் குடிக்க நின்ற மாதங்கியின் கண்ணில், சரிவின் அடியில் இருந்த சின்னக் கல்லடுக்கு பட்டது. வழி நெடுக இப்படி நிறையப் பார்த்திருந்தாள்.

மலைக்கோயில் பாதையில், சொந்த வீடு வேண்டும் என்று கல்மேல் கல் அடுக்குவார்களே, அதேதான்! ‘பாவம், இங்கேயும் வாடகை வீட்டுக்காரர்கள்தான் அதிகம் போல’ என்று நினைத்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் அதே பாடுதான். வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார் என்று அப்பா நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தார்.

சந்தின் வாசலில் நல்ல நிழல். அங்கே உட்கார்ந்து கல் பொறுக்கி அடுக்கினாள். ஐந்து மாடி! மொட்டை மாடிக்குத்தான் தட்டைக் கல் அமையவில்லை. அந்தச் சின்ன அடுக்கின் உச்சியில் அழகான தட்டைக் கல் ஒன்று இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? எடுத்து வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

பெட்டி ஒரு பெரிய கல் வளைவின் காலடியில் இருந்தது. “கிடைச்சிருச்சு!” என்று சிபி துள்ளினான். உள்ளே ஒரு வருடம் தேசியப் பூங்காக்களைச் சுற்றிப்பார்க்க ஓர் அனுமதி அட்டை. அதற்குக் கீழே கோவில்பட்டிக் கடலைமிட்டாய்!

“இதத் தேடியா நான் இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்தேன்!” மாதங்கி விழுந்து விழுந்து சிரித்து, ஒன்றை வாயில் போட்டாள்.

“அம்மாவும் யாழினியும் வந்ததும் காட்டி வெறுப்பேத்தணும். கல்லடுக்கப் பாத்துட்டே வந்துருவாங்க.”

“எந்தக் கல்லடுக்கு?”

“வழியெல்லாம் பாத்தியே! இந்தப் பாறையில ரோடு ஏது? கல்லு எங்க அடுக்கியிருக்கோ அதுதான் வழி. அத யாருமே தொட மாட்டாங்க.”

மாதங்கிக்குத் தான் எடுத்த தட்டைக் கல் நினைவுக்கு வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் இங்கே இருக்கும் பெரியம்மாவுக்கு வழி தெரியாதா என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, வந்த வழியையே பார்த்தபடி இருந்தாள். யாரும் வரவில்லை. தூரத்து மலைமேல் மேகம் கறுத்து இடி உருண்டது.

சிபியின் முகம் மாறியது. “அங்க மழை பேஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே சந்துக்குள்ள வெள்ளம் வரும். எங்க இவங்களக் காணோம்?”

“சிபிண்ணா… நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.” அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்த கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். செல்போனில் சிக்னல் இல்லை. இருவரும் வழி பிரியும் இடத்துக்கு வந்தபோது சந்து வாசலில் மாதங்கியின் ஐந்து மாடி ஜம்மென்று நின்றது. அதைத் தாண்டி மணலில் இரண்டு சோடிக் காலடிகள் உள்ளே போயிருந்தன.

மாதங்கி உள்ளே பாய்ந்தாள். சிபி கையைப் பிடித்து இழுத்தான். “உள்ள போனா நாமளும் மாட்டுவோம்! மேல ஏறி விளிம்போடயே போவோம்!”

“அம்மா! யாழினி!” என்று அவன் கத்திய குரலைப் பாறைகள் பந்தாடின. எங்கிருந்து எது வருகிறது என்றே புரியவில்லை. மாதங்கி வாயருகே கையை வைத்துக் குலவை போட்டாள். திருவிழாவில்கூட அவள் அப்படிப் போட்டதில்லை. பிறகு சற்று முன்னால், பாறைக்கடியிலிருந்து பதில் குலவை எழும்பியது!

“பெரியம்மா!”

இருவரும் குப்புறப் படுத்து எட்டிப்பார்த்தார்கள். கீழே, இரண்டு ஆள் ஆழத்தில் பெரியம்மாவும் யாழினியும். வழுக்குப் பாறையில் சறுக்கி இறங்கிவிட்டார்கள். திரும்பி ஏற முடியவில்லை. முன்னால் வழியும் இல்லை.

“மொதல்ல பிள்ளையத் தூக்குங்க!” என்றாள் பெரியம்மா.

சிபி கயிற்றை ஒரு பாறை முனையில் சுற்றிக் கட்டினான். யாழினி பல்லி மாதிரி ஏறி வந்தாள். பெரியம்மாவின் முறை. மாதங்கி உள்ளங்கை உரிய உரிய இழுத்தாள். எங்கோ கடமுட என்று சத்தம். “இழு, விடாத!” பெரியம்மாவின் கை விளிம்பைத் தொட்டது. மூவரும் சேர்ந்து அவளை மேலே புரட்டிப் போட்ட சற்றைக்கெல்லாம், செந்நிற வெள்ளம் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு அவள் நின்ற இடத்தை மூடிச் சென்றது.

மாதங்கி பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “நான் அடுக்குன கல்லு பெரியம்மா. அதப் பாத்து வழின்னு நெனச்சுத்தான…”

“ஏட்டி, அது வழிக்கு வச்ச கல்லு இல்லன்னு எனக்குத் தெரியாதா?” மூச்சு வாங்கப் பெரியம்மா அவள் தலையை வருடினாள். “பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம ஊர்க்காரி அடுக்குன வீடுன்னு. எம் பிள்ள இந்தப் பக்கந்தான் போயிருக்கா, ஒத்தையில மாட்டிக்கிட்டாளோன்னுதான் இறங்குனேன்.”

அதற்குப் பிறகு மாதங்கியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வழியைத் தேடி அல்ல, தன்னைத் தேடி இறங்கியிருக்கிறாள்!

வெள்ளம் வடிந்ததும் வழி பிரியும் இடத்துக்குத் திரும்பினார்கள். ஐந்து மாடி வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அவள் எடுத்த தட்டைக் கல்லும் போய்விட்டது. சரிவின் அடியில் அந்தச் சின்ன அடுக்கு மட்டும் உச்சி இல்லாமல் நின்றது.

கீழே, வேட்டைக்குப் புறப்பட்ட முகாமில், புதையல் பெட்டியோடு வந்தவர்களைச் சங்கத்தார் விசிலடித்து வரவேற்றார்கள். மாதங்கி எல்லார் முன்னாலும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். விசில் நின்றது. பெட்டியை யாழினியின் மடியில் வைத்தாள்.

யாழினி கடலைமிட்டாயை இரண்டாக உடைத்தாள். “இந்தாக்கா, பாதி உனக்கு. ஆனா இனிமே வீடு கட்டணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுக் கட்டு!”

எல்லாரும் சிரித்தார்கள். மாதங்கி அழுதுகொண்டே தின்றாள்.

மறுநாள் காலை சிபியை எழுப்பி அதே இடத்துக்குக் கூட்டிப்போனாள். “இதுக்கு மேல ஒரு கல்லு வைக்கலாமா? வச்சா யாருக்கும் வழி தப்பாதே?” என்று கேட்டாள். அவன் தலையாட்டிய பிறகு, வெகுநேரம் தேடிப் பொறுக்கிய ஒரு தட்டைக் கல்லை அந்தச் சின்ன அடுக்கின் உச்சியில் வைத்தாள். இந்த முறை அவள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.