இறந்தவர் இணைப்பில் இருக்கிறார்!

"இன்ஸ்பெக்டர் சார்! செத்துப்போன ஒருத்தரை இன்னும் அரைமணி நேரத்துல உங்க கண்ணு முன்னால நடக்க வெச்சுக் காட்டறேன். தொடக்கூட மாட்டேன். ஒரே ஒரு பாஸ்வேர்டு போதும்!"

இன்ஸ்பெக்டர் குடித்துக்கொண்டிருந்த டீ, போக வேண்டிய வழியை விட்டுவிட்டு மூக்கு வழியாக வெளியே வந்தது.

"யாருய்யா நீ? மந்திரவாதியா?"

"லேப்டாப் மெக்கானிக் சார். பல் டாக்டரம்மா வீட்டு வாசல்லேர்ந்து பேசறேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பல் டாக்டரம்மா!

அவளைக் கைது செய்யத்தான் ஐந்து மணிக்குக் கிளம்ப இருந்தார். வாரண்ட் சட்டைப் பையில் தயார்.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பத்து நாளாகக் காணவில்லை. ஆற்றுப் பாலத்தில் அவன் கார் மட்டும் நின்றது. உள்ளே ரத்தம்... பல் பிடுங்கும் குறடு... பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல்!

ரத்தமும் பல்லும் அவனுடையவை. குறடு அவளுடையது. உடலை மட்டும் ஆறு கொண்டுபோய்விட்டது.

"என்னய்யா உளர்றே?"

"உளறல சார். செத்தவர் இப்போ வைஃபைல இருக்கார்!"

அரைமணி நேரத்துக்கு முன்னால் நடந்தது இது.

மெக்கானிக் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புது லேப்டாப்பை மடியில் திறந்தான்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம்."

"தெரியாது தம்பி. என் பழைய லேப்டாப்பு, போன் எல்லாத்துலயும் அவரேதான் போட்டுக் கொடுத்தார். ரெண்டையும் போலீஸ் எடுத்துட்டுப் போயிடுச்சு."

"கட்டின பொண்டாட்டிக்கே சொல்லலையா?"

"சொன்னா நான் யாருக்காவது சொல்லிடுவேனாம். 'ஊர்ல இருக்கற ஆம்பளைங்க வாயெல்லாம் பார்க்கறவதானே நீ'ம்பார்."

அவள் சொன்னது கொஞ்சம்தான். கிளினிக்கில் எந்த நோயாளி எத்தனை நிமிடம் வாய் திறந்தான் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவன் அவன். அதோடு விட்டானா? அந்தத் தெரு ஆண்கள் அத்தனை பேருக்கும் வேண்டுமென்றே பவரை மாற்றிக் கண்ணாடி மாட்டிவிட்டான். தன் மனைவி அவர்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரியட்டுமே என்று! பாவம், பாதிப் பேர் மின்கம்பத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

தெருவே அவனுக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'.

"கவலைப்படாதீங்க மேடம். கேபிள் போட்டு உள்ளே போயிடலாம்."

ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பினான். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அட்மின் பாஸ்வேர்டு. உலகத்தையே சந்தேகப்பட்டவன், அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தான்!

மஞ்சள் கேபிளைச் செருகினான். தட்டினான். செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. வைஃபை பாஸ்வேர்டும் தெரிந்தது.

'யார்கூடப் பேசறே' என்று ஆங்கில எழுத்தில். பின்னால் மூன்று கேள்விக்குறி!

மெக்கானிக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது.

இணைப்பில் இருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்ததும், வந்த சிரிப்பு தொண்டையிலேயே செத்தது.

முதலாவது, டிவி. சரி.

இரண்டாவது... சுவர்க் கடிகாரம்!

மணி காட்டும் கடிகாரத்துக்கு வைஃபை எதற்கு? ஓரக்கண்ணால் பார்த்தான். பன்னிரண்டுக்குக் கீழே கடுகளவு கறுப்புக் கண்ணாடி. கேமரா!

மூன்றாவது, 'எஜமான்' என்று பெயரிட்ட ஒரு போன்.

மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. லேப்டாப்பில் டைப் அடித்துக் காட்டினான். 'இது யார் போன்?'

அவளும் டைப் அடித்தாள். 'அவருடையது. அவரோடு ஆற்றில் போனதாகப் போலீஸ் சொல்கிறது.'

அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"சிக்னல் கொஞ்சம் வீக்கா இருக்கு மேடம். வெளியே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

வாசலுக்கு ஓடியவன்தான் இன்ஸ்பெக்டரைப் பிடித்தான்.

"போன் வீட்டுக்குள்ள எங்கேயாவது கிடக்கும்யா!" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"பத்து நாளா சார்ஜ் யார் போடறா சார்?"

"பத்து நாளா அந்த நம்பருக்கு டவரே கிடைக்கலையே!"

"சிம்மைக் கழட்டிட்டா டவர் ஏது? வைஃபைக்கு சிம் எதுக்கு சார்? ஆள் உள்ளேதான் இருக்கார். கடிகாரம் வழியா பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டே இருக்கார்! பின்பக்கமா வாங்க. ஷூவைக் கழட்டிட்டு வாங்க!"

நாலு ஐம்பது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். காலில் சாக்ஸ். கையில் வாரண்ட். முகத்தில் துளி நம்பிக்கை இல்லை.

ஹாலில் மெக்கானிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம்... கேக்கவே கூச்சமா இருக்கு. கடைவாய்ப் பல்லு ரெண்டு நாளா உயிரை எடுக்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

"இப்படி வெளிச்சத்துக்கு வாங்க தம்பி. ஆ காட்டுங்க."

சரியாகக் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டான். எஜமான் உட்காரும் நாற்காலி! வாயைப் பிளந்தான். அவள் டார்ச்சோடு குனிந்தாள்.

'டொக்!'

மாடிப்படிக்கு மேலே இருந்த பரணில் ஏதோ இடித்தது.

மெக்கானிக்கின் வாய் திறந்தபடியே இருந்தது. விரல் மட்டும் லேப்டாப்புக்குப் போனது. புதுப் பாஸ்வேர்டு... 'சேவ்'!

எல்லா இணைப்பும் அறுந்தது. கடிகாரம் குருடானது.

பொறாமைக்காரனுக்குப் பார்ப்பது வலி. பார்க்க முடியாமல் போவது... அடேயப்பா! அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை!

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

அந்த நேரம் பார்த்து அவள் கலகலவென்று சிரித்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை!

பரண் கதவு படாரென்று திறந்தது. நூலாம்படை, பத்து நாள் தாடி, கையில் போன்... மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான் பூதக்கண்ணாடி!

"எவன்டா பாஸ்வேர்டை மாத்துனது?!"

அவன் போட்ட சத்தத்தில் தெருமுனையில் நின்ற ஏழு கார்கள் ஒன்றாக அலறின.

"முதல்ல வாயை மூடுறா ராஸ்கல்! ஏய்... இவனைப் பார்த்து என்னடி சிரிப்பு?"

சமையலறைக் கதவு திறந்தது.

"வணக்கம். உங்களைக் கொலை பண்ணினதுக்காக உங்க சம்சாரத்தைக் கைது பண்ண வந்தேன்."

வேறொருவனாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பான். இவன் இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்துக்கொண்டான்!

"பண்ணுங்க சார்! கூட்டிட்டுப் போங்க! பத்து நாளா நான் செத்துக் கிடக்கறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார் இவ! எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்!"

"பொண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்பி உனக்கு என்னய்யா லாபம்?"

"பொம்பளை ஜெயில் சார்! அங்கே காவல்கூடப் பொம்பளைங்கதான். எந்தப் பயலும் வாயைத் திறந்துக்கிட்டு இவ முன்னால உட்கார முடியாது. நான் நிம்மதியா வெளியே வந்து, ஞாபகமறதின்னு சொல்லிக் கடையைத் திறப்பேன்!"

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது.

டாக்டரம்மா கணவனின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"காட்டுங்க. அடப்பாவி மனுஷா! என் குறடை எடுத்து உங்க பல்லை நீங்களே பிடுங்கினீங்களா? வேர் பாதி உள்ளேயே நிக்குது. சீழ் வெச்சிடும்!"

"வலிக்குதுடி..."

"வலிக்கும். நல்லா வலிக்கும்."

இன்ஸ்பெக்டர் வாரண்டை நாலாக மடித்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. புருஷன் செத்துட்டார்னு ஊரே சொல்லுது. நீங்க ஏன் அழல?"

"எதுக்கு சார் அழணும்? முதல் ராத்திரியே எனக்குத் தெரியும்!"

"என்ன?!" ஆண்கள் மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"தூங்கும்போது பல்லை நறநறன்னு கடிப்பார். பொறாமைக்காரங்களுக்கு வர்ற வியாதி அது. பன்னெண்டு வருஷமா பக்கத்துல படுத்துக் கேட்ட சத்தம், பரண்லேர்ந்து வந்தா தெரியாதா? தினம் மேஜையில ரொட்டியும் பாலும் வெச்சது பூனைக்குன்னு நினைச்சாரா?"

பூதக்கண்ணாடி மெதுவாகப் படியில் உட்கார்ந்தான்.

"அப்போவே எங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொன்னா கீழே இறங்கிடுவாரே சார்! இறங்கினா 'யார்கூடப் பேசறே'ன்னு ஆரம்பிச்சிடுவார். பரண்ல இருந்தா கேக்க முடியாதில்ல? கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குக் கிடைச்ச முதல் லீவு சார் அது. இன்னிக்குக் கைதுன்னு நீங்க சொல்லி அனுப்பினீங்க. அதான் வேற வழியில்லாம லீவை முடிச்சுக்கிட்டேன்."

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ... நான் கண்டுபிடிக்கல?"

"நீங்கதான் தம்பி கண்டுபிடிச்சீங்க. நான் சொல்லியிருந்தா இன்ஸ்பெக்டர் நம்பியிருப்பாரா? அதான் புது லேப்டாப் வாங்கி, துருவிப் பார்க்கற ஆளா விசாரிச்சுக் கூப்பிட்டேன்."

வெளியே காத்திருந்த கான்ஸ்டபிள்கள் பூதக்கண்ணாடியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கண் கடைசிவரை மெக்கானிக்கின் வாய் மேலேயே இருந்தது.

வாசலில் இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டிக்கொண்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒத்துக்கறேன்யா. செத்தவன் நடந்தான். நடந்தானா? ஓடியே வந்தான்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"தேங்க்ஸ் சார்!"

"இன்னொண்ணு..." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்கும் வந்து அந்தப் பாஸ்வேர்டை ஒரு தடவை மாத்திக் கொடுத்துட்டுப் போயேன்."

"ஏன் சார், வைஃபை ஸ்லோவா?"

"இல்லய்யா... எங்க வீட்லயும் பரண் இருக்கு!"